மூன்றாவது டம்ளர்

இந்தக் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசினால் மூன்று அமாவாசைக்குள் அம்மன் கேட்பாள் என்று எனக்கு முதலில் சொன்னவள் வேலாத்தாள். போன ஆடி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை. எங்கள் எண்ணெய் ஆலையில் மதியச் சோற்று நேரம். அவள் பாக்கெட் போடுகிற பக்கம், நான் லேப். இரண்டு பேரும் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தபோது சொன்னாள்.

அவள் தோடு காணாமல் போயிருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரி மேல் சந்தேகம். இங்கே வந்து ஒன்பது மிளகாய் அரைத்து, அவள் பெயரை மூன்று தரம் சொல்லிப் பூசிவிட்டுப் போயிருக்கிறாள். மூன்றாவது வாரம் அரிசி டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தால், உள்ளே தோடு.

"கை ரெண்டும் எரிஞ்சுதுக்கா. ரெண்டு மாசம். மோர்ல முக்கி முக்கி வெச்சுட்டுத் தூங்கினேன். பொய்யா அரைச்சா அரைச்சவளுக்கே திரும்பும்க்கா."

"நீ என்ன பொய்யா அரைச்சே? தெரியாமத்தானே அரைச்சே" என்றேன்.

"தெரியாம அரைச்சாலும் அப்படித்தான். நமக்குத் தெரியலீன்னா அம்மனுக்கென்ன?"

அன்றைக்கு நான் சிரித்தேன். எனக்கு எதற்கு அம்மிணி மிளகாய் அரைக்கிற வேலை என்று நினைத்தேன். இன்றைக்குப் பாருங்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படித் தள்ளி உட்காருங்கள், அம்மிணி. உங்களுக்கு இருமல் வருகிறது. இந்த முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வருகிறது, நெடி ஏறவே இல்லை. பதினொரு வருஷம் எண்ணெயில் பழகிய மூக்கு. இதுக்கெல்லாம் அசையாது.

நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்கக் கூடாது. ஆனால் நான் யாருக்காக வந்தேன் என்று சொல்லலாம், அதில் தப்பில்லை. அவன் பெயர் கௌரிசங்கர். எங்கள் ஆலையில் கெமிஸ்ட். சேலம் பக்கத்துப் பையன். என் பெரிய மகனைவிட ஒரு வயது இளையவன். நான் யாரையும் அவன் இவன் என்று பேசுகிறவள் இல்லை. நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்கிறேன். எறும்புக்கு அரிசி மாவு போட்டுவிட்டுத்தான் கோலம் முடிப்பேன். என் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்ததென்று என் பிள்ளைகள் சொல்லட்டும். ஆனால் அவன் நன்றாக இருக்கக் கூடாது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

தேங்காய்ப் பருப்பை ஆட்டினால் எண்ணெய் வருகிறதல்லவா, அதை அப்படியே எல்லாவற்றுக்கும் போட முடியாது. ஐஸ்கிரீம்காரன், பிஸ்கட்காரன், மிட்டாய்க்காரன், இவர்களுக்கெல்லாம் நிறமும் வாசமும் இல்லாத எண்ணெய் வேண்டும். மழைக்காலத்துப் பருப்பாக இருந்தால் பூசணம் பிடித்திருக்கும். புகை போட்டுக் காய வைத்ததாக இருந்தால் எண்ணெயே அடுப்புக்குள் கிடந்த மாதிரி இருக்கும். அதையெல்லாம் எங்கள் ஆலை வாங்கும். வெந்நீர் விட்டுப் பிசினை எடுப்பார்கள். காஸ்டிக் சோடா விட்டால் புளிப்பெல்லாம் சோப்பாகத் திரண்டு கீழே இறங்கிவிடும். அப்புறம் ஒரு மண், முல்தானி மண் மாதிரி, அதைக் கலந்து வடிகட்டினால் நிறம் போய்விடும். கடைசியாக ஒரு பெரிய கோபுரம். காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு உள்ளே நீராவி விடுவார்கள். அதில்தான் வாசம் போகும். வெளியே வரும்போது எண்ணெய் தண்ணீர் மாதிரி இருக்கும்.

அமிலம் எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று சொல்ல மிஷின் உண்டு. வாசம் போய்விட்டதா என்று சொல்ல மிஷின் கிடையாது. அதற்கு நான் இருந்தேன்.

எட்டாவது படித்தவளுக்கு லேப்பில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள் என்றால் சும்மாவா. முதலில் நான் கூட்டுகிற வேலைக்குத்தான் போனேன். ஒருநாள் கூட்டிக்கொண்டிருந்தபோதே சொன்னேன், இந்த டாங்கரில் மண்ணெண்ணெய் வாசம் வருதுங்க என்று. யாருக்கும் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் டாங்கருக்குள் ஒரு மூலையில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது. அன்றைக்கே பெரியவர், எங்கள் முதலாளி, என்னை லேப்புக்கு அனுப்பிவிட்டார். வெங்காயம் பூண்டு நான் சேர்ப்பதில்லை. வெற்றிலை கிடையாது. லேப்புக்குப் போகிற நாளில் பூ வைக்கமாட்டேன், பவுடர் போடமாட்டேன். சாம்பிளை வெதுவெதுப்பாகச் சூடு செய்து ஒரு சின்ன டம்ளரில் தருவார்கள். கண்ணை மூடி, அம்மனை நினைத்து, மோந்து பார்ப்பேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்புவேன். "ஒண்ணுமில்லீங்க" என்பேன். நான் "ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னால்தான் லாரி கிளம்பும். ஏதாவது இருக்கிறதென்று சொன்னால் மறுபடியும் கோபுரத்துக்கு ஏற்றுவார்கள்.

இந்தக் கௌரிசங்கர் வந்த புதிதில் என்னை நம்பவில்லை. ஒரு வாரம் சோதித்துப் பார்த்தான். அப்புறம் அவனே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான், "மிஷின் பொய் சொல்லும் சார், மயிலக்கா மூக்கு பொய் சொல்லாது." அப்படித் தலையில் தூக்கி வைத்தவன்தான். தூக்கிய கைதானே போட்டு உடைக்கவும் செய்யும்.

போன ஐப்பசியில் எனக்கு ஒரு காய்ச்சல். ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான். நான்கு நாள் உடம்பு அனலாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். மூக்கடைப்புகூட இல்லை, சுத்தமாக இருந்தது. நான் போகாவிட்டால் லாரி நிற்கும். கௌரிசங்கர் கேட்டான், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்லக்கா?"

"எனக்கென்னங்க தம்பி, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். நன்றாகத்தான் இருந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் எண்ணெய் எப்படி வந்தது தெரியுமா அம்மிணி. ஒரு பேட்ச்கூட நான் திருப்பி அனுப்பவில்லை. வழக்கமாக வாரத்துக்கு ஒன்றாவது திரும்பும். ஐப்பசி மழை, பருப்பெல்லாம் ஈரம், அப்படியும் கண்ணாடி மாதிரி வந்தது. ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. கார்த்திகை முழுக்க நான் அம்மனுக்கு நெய் விளக்குப் போட்டேன். கும்பிட்ட பலன் எண்ணெயில் தெரிகிறதென்று நினைத்தேன். வேலாத்தாளிடம்கூடச் சொன்னேன். அவள், "மிஷினை மாத்திட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். பக்தி இல்லாதவள்.

வீட்டில்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று. காப்பித்தூளில் என்ன கலக்கிறார்களோ, வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது. மல்லிப் பூவுக்கு மருந்தடித்து மருந்தடித்து வாசத்தையே கொன்றுவிட்டார்கள். ரசம் வைத்தால் ரசமாக இல்லை. என் மருமகள் கோகிலவாணி, அவளும் ஒருநாள் பால் தீய்ந்ததற்கு என்னைச் சொன்னாள். "பக்கத்துலயே உக்காந்துட்டு இருக்கீங்க, தெரியலீங்களா அத்தே?" நான் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி கும்பிடுகிறவளுக்குப் பால் எப்படித் தெரியும்?

மார்கழி பத்தாம் தேதி லோடு திரும்பியது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மிட்டாய்க் கம்பெனி. எங்கள் எண்ணெயில் தேங்காய் மிட்டாய் செய்திருக்கிறார்கள். வாயில் போட்ட பிள்ளைகள் துப்பிவிட்டார்களாம். புகை வாடை, சிக்கு வாடை, இரண்டும் சேர்ந்து அடிக்கிறதாம். மீதி எண்ணெயை டாங்கரோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபுரத்தில் எங்கேயோ ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்து காற்று உள்ளே போயிருக்கிறது, அதனால் வாசம் சரியாக இறங்கவில்லை என்று மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் கண்டுபிடித்தான். எப்போதிருந்து என்று தெரியவில்லை. அப்படியென்றால் தப்பு யார் பேரில்? வாஷரைப் பார்க்காதவன் பேரில். அந்தக் கோபுரம் யார் பொறுப்பு? கௌரிசங்கர் பொறுப்பு. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவன் இதை என் தலையில் கட்டப்போகிறான் என்று.

அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவன் தந்திரம். தை பிறக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி, பொங்கல் முடிந்து ஆலை திறந்த மூன்றாம் நாள், லேப்புக்கு வரச் சொன்னான். உள்ளே போனால் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். வேலாத்தாளைக் கூப்பிட்டுச் சாட்சி மாதிரி நிற்க வைத்திருக்கிறான். மேஜை மேல் ஐந்து எவர்சில்வர் டம்ளர். ஐந்துக்கும் மூடி.

"அக்கா, கண்ணை மூடிக்குங்க. நான் ஒவ்வொண்ணா மூக்குகிட்ட கொண்டு வர்றேன். எதுல வாசம் வருதுன்னு மட்டும் சொல்லுங்க. வாயில வெக்க வேண்டாம்."

இதைக் கவனியுங்கள் அம்மிணி. பதினொரு வருஷமாக நாக்கில் வைத்துப் பார்க்கிறவளிடம் வாயில் வைக்க வேண்டாம் என்கிறான். ஏன்? நாக்கில் வைத்தால் அவன் சூது தெரிந்துவிடுமே.

கண்ணை மூடினேன். அம்மனை நினைத்தேன். முதல் டம்ளர். ஒண்ணுமில்லீங்க. இரண்டாவது. ஒண்ணுமில்லீங்க. மூன்றாவது வந்தது. வெதுவெதுப்பு மூக்கில் பட்டது. ஒண்ணுமில்லீங்க என்றேன். அப்போது வேலாத்தாள் பக்கமிருந்து ஒரு சத்தம், தொண்டையைச் செருமுகிற மாதிரி. பெரியவருடைய நாற்காலி பின்னால் நகர்ந்தது. "இன்னொருக்கா பாருங்கக்கா" என்றான் அவன். பார்த்தேன். ஒண்ணுமில்லீங்க தம்பி. நான்காவது. ஐந்தாவது. எல்லாம் அப்படித்தான். கண்ணைத் திறந்து பார்த்தால் வேலாத்தாள் முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள், கண்ணெல்லாம் கலங்கி. எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

அவன் டம்ளரையெல்லாம் மூடினான். மெதுவாகச் சொன்னான். "ரெண்டாவது திரும்பி வந்த லோடுங்கக்கா. மூணாவது மீன் எண்ணெய். கோழித்தீவனம் பண்றவங்ககிட்ட வாங்கிட்டு வந்தேன்."

மீன் எண்ணெயாம்.

நான் எப்பேர்ப்பட்டவள். எங்கள் தெருக்கோடியில் கருவாட்டுக்காரன் சைக்கிளை நிறுத்தினால் இங்கே என் வீட்டுச் சன்னலை அடைப்பேன். என் பெரிய மகனுக்குக் காலேஜ் படிக்கிற காலத்தில் மீன் எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அந்த டப்பா பீரோவுக்குள் இருந்தபோதே நான் கண்டுபிடித்துத் தெருவில் எறிந்தவள். என் மூக்குக்கு நேரே ஒரு டம்ளர் மீன் எண்ணெயைச் சூடாக வைத்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? நீங்களே சொல்லுங்கள். ஐந்து டம்ளரிலும் ஒரே நல்ல எண்ணெயை ஊற்றி வைத்துவிட்டு, பெரியவர் முன்னால் ஒரு கதை கட்டிவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

நான் அழவில்லை. "பொய் சொல்றீங்க தம்பி" என்றேன். பதினொரு வருஷத்தில் அவர்கள் முன்னால் நான் சத்தமாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

அவன் முகம் ஒருமாதிரி போய்விட்டது. பொய் பிடிபட்டால் அப்படித்தான் போகும். "அக்கா, கோயம்புத்தூர்ல ஒரு டாக்டர் இருக்காரு. நான் கூட்டிட்டுப் போறேன். காய்ச்சலுக்கப்புறம் இப்படி ஆகும், சில பேருக்குத் திரும்பி வந்துரும்" என்றான். என்னைப் பைத்தியம் என்று சொல்லாமல் சொல்கிறான். பெரியவர் எழுந்து, "மயிலாத்தா, நீ பாக்கெட் பக்கம் வேலாத்தாளோட இரு. உக்காந்தே செய்யற வேலை. யாரும் உன்னைப் போகச் சொல்லலை" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நல்ல மனுஷர், யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்.

பாக்கெட் பக்கம். நான் ஒண்ணுமில்லை என்று சொன்னால் லாரி கிளம்பிய காலம் போய், நான் பாக்கெட்டை ஒட்ட வேண்டுமாம்.

மேஜை மேல் திரும்பி வந்த லோடு என்று எழுதி ஒட்டிய பாட்டில் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்று சொல்லாதீர்கள். சாட்சி. அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான், "எடுத்துட்டுப் போங்கக்கா" என்றான். தைரியத்தைப் பாருங்கள். வாசலில் வேலாத்தாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லாதே" என்றேன்.

"இல்லக்கா, அந்த மூணாவது..."

"உன்னையும் விலைக்கு வாங்கிட்டாங்களா வேலாத்தா?" என்றேன். அதற்கப்புறம் அவளோடு பேச்சில்லை. ஆலைக்கும் போகவில்லை.

அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் எனக்கு ஒரே பிரார்த்தனைதான். முதலில் அவன் வேலை போக வேண்டும் என்று கேட்டேன். மறுநாளே, அவன் பொண்டாட்டி பிள்ளை என்ன செய்யும் என்று மாற்றிக்கொண்டேன். அவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று கேட்டேன். அதுவும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும், மூன்று வயதுக் குழந்தை. யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன் அம்மிணி. ஒருவருக்கும் கெடுதல் இல்லாதது. அவனுக்கு மட்டும் போதுமானது. ஆத்தா, அவன் மூக்கை எடுத்துக்கொள். அவன் சோற்றில் வாசம் இருக்கக் கூடாது. அவன் குழந்தையின் தலையை மோந்தால் ஒன்றும் வரக் கூடாது. மழை பெய்தால் மண் அவனுக்கு மட்டும் மணக்கக் கூடாது. எல்லாரும் ஆகா என்று சொல்லும்போது அவன் மட்டும் திருதிருவென்று முழிக்க வேண்டும். நாக்கில் எதை வைத்தாலும் உமி மாதிரி இருக்க வேண்டும். அப்போது தெரியும் அவனுக்கு.

இதைக் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அவ்வளவு துல்லியமாக வரும் வார்த்தை. யாரோ உள்ளே இருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

அவன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான், ஆரஞ்சுப் பழத்தோடு. நான் பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. என் மருமகள் காப்பி போட்டுக் கொடுத்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். என் எதிரிக்கு என் வீட்டுக் காப்பி. போன வாரம் பத்திரிகை அனுப்பியிருக்கிறான், புது வீடு கட்டிக் குடி போகிறானாம், வருகிற புதன்கிழமை. கவரில் அவன் கையாலேயே எழுதியிருக்கிறான், 'மயிலக்கா குடும்பத்துடன்'. கேலிதானே இது? அதைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். புதன்கிழமைக்கு முன்னால் பூசிவிட வேண்டும். அந்த வீட்டில் பால் பொங்கும்போது அவனுக்குப் பால் மணக்கக் கூடாது.

வரிசை நகர்ந்துவிட்டது பாருங்கள். எனக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான். என் மிளகாயும் அரைபட்டுவிட்டது. நல்ல வெண்ணெய் மாதிரி வந்திருக்கிறது. பூசாரி சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா, பூசிய கையோடு கல்லின் அடியில் எண்ணெய் ஊற்ற வேண்டும், அம்மனுடைய சூடு வழியில் போகிறவர்கள் மேல் விழாமல் இருக்க. எல்லாரும் கடையில் எண்ணெய் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. இதோ, இந்தப் பாட்டில்தான். திரும்பி வந்த லோடு. இதையே ஊற்றி, ஆத்தா, நீயே பார்த்துக்கொள், இதில் வாசம் இருக்கிறதா இல்லையா என்று கேட்கத்தான் கொண்டு வந்தேன். தினமும் எடுத்து மோந்து பார்க்கிறேன். தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஒன்றுமில்லை.

காலையில் பையில் வைக்கும்போது கோகிலவாணி சொன்னாள், "அத்தே, அது குடலைப் புடுங்குது. சாமிக்கு ஊத்தாதீங்க. வேற எடுத்துட்டுப் போங்க." அவள் பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அவனுக்குக் காப்பி கொடுத்தவள்.

ஒன்று மட்டும்தான் அம்மிணி. யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்து நான் குளித்துவிட்டு விளக்கேற்ற உட்கார்ந்தேன். பூஜை அறை எங்கள் வீட்டில் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது, ஒரு திரைதான் நடுவில். தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மருமகள் படுக்கையிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வருகிறாள், "கேஸு, கேஸு, அத்தே பத்த வெக்காதீங்க." அடுப்பைத் திருகிவிட்டு யாரோ மூடவில்லையாம். ராத்திரியெல்லாம் கசிந்திருக்கிறதாம். வீடே நாறுகிறதாம். நாடகம் போடுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லையே.

ஆனால் என் மகனும் வந்தான். என் பக்கத்தில் மண்டியிட்டு, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டான். அவன் கை நடுங்கியது. சன்னலைத் திறந்தான். தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அவ்வளவுதான்.

மருமகள் பொய் சொல்லியிருக்கலாம். என் மகனுக்கு நடிக்கத் தெரியாது அம்மிணி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னார்கள், அதற்கே அழுதவன். அவன் கைக்குப் பொய்யாக நடுங்கத் தெரியாது.

அன்றிலிருந்து அந்தக் கை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கௌரிசங்கர்மேல் இருக்கிற ஆத்திரம் குறையவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது, இன்னும் கொதிக்கிறது. மிளகாய் அரைத்த கையைப் பாருங்கள், அந்த ஆத்திரத்தில் பாதிகூட எரியவில்லை. ஆனால் வேலாத்தாள் சொன்னது ஒன்று இருக்கிறதல்லவா. தெரியாமல் அரைத்தாலும் திரும்பும் என்று. அவளுக்குத் திரும்பியது கையில். எனக்குத் திரும்புவதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நான் கேட்டதுதானே திரும்பும். நான் என்ன கேட்டேன், மூக்கைத்தானே கேட்டேன்.

அதோ கூப்பிடுகிறார். "அடுத்த ஆள் வாங்க" என்கிறார். என்னைத்தான். இருங்கள் சாமி, ஒரு நிமிஷம். இதோ வந்துவிட்டேன்.

அம்மிணி, நீங்கள் அவனுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. மருமகளுக்கும் உங்களைத் தெரியாது. என் கையெல்லாம் மிளகாய், மூடியைத் தொட முடியாது. முந்தானையைக் கொஞ்சம் மூக்கிலிருந்து இறக்கிவிட்டு, இந்தப் பாட்டிலைத் திறந்து, ஒரே ஒரு தரம் மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.